சிலப்பதிகாரப் பொற்கொல்லனும் மதுரைக் கைவினைஞரின் வரலாற்று நினைவும்

பழைய மதுரையில் வாழ்ந்த கைவினைஞர் ஒருவரைச் சொல்லுங்கள் என்று கேட்டால், பள்ளியில் தமிழ் படித்தவர் எவரும் தயங்காமல் ஒருவரைச் சொல்லிவிடுவார். கோவலனைக் கள்வன் என்று அரசனிடம் பொய் சொன்ன பொற்கொல்லன்தான் அவர். மீனாட்சியம்மன் கோயில் கோபுரங்களில் சுதை உருவங்களைச் செய்தவர்கள், திருமலை நாயக்கர் மகாலின் பெருந்தூண்களை எழுப்பியவர்கள், சுங்குடிச் சேலைக்கு முடிச்சிட்டவர்கள் ஆகியோரில் ஒருவர் பெயர்கூடப் பொதுமக்கள் நினைவில் இல்லை. கைவினைகளுக்குப் புகழ்பெற்ற ஒரு நகரம் தன் கைவினைஞர்களில் ஒரே ஒருவரை நினைவில் வைத்திருக்கிறது. அவரும் பெயரில்லாதவர், திருடர்.

இது இலக்கிய ஆராய்ச்சிக்கு மட்டும் உரிய செய்தி அன்று. நான் தமிழாசிரியராகப் பணியாற்றிய காலத்தில் ஒருமுறை வழக்குரை காதையை நடத்தி முடித்தேன். அடுத்த சில நாட்கள் வகுப்பில் ஒரு மாணவனைப் பிள்ளைகள் "கோவலனைக் கொன்னவன்" என்று கேலி செய்திருக்கிறார்கள். அவன் தகப்பனார் நகைப் பட்டறையில் வேலை செய்பவர். அந்தப் பையன் என்னிடம் வந்து, "சார், எங்கப்பா யாரையும் ஏமாத்துனதில்ல சார்" என்றான். "அது கதைப்பா, மனசுல வச்சுக்காதே" என்று சொல்லி அனுப்பினேன். அந்தப் பதில் போதாது என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. காப்பியம் பொற்கொல்லனைப் பற்றி என்ன சொல்கிறது, அதை நாம் எப்படி நினைவில் வைத்திருக்கிறோம், மதுரையின் கல்லும் மண்ணும் வேறு என்ன சொல்கின்றன என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

காப்பியத்தில் பொற்கொல்லன்

சிலப்பதிகாரத்தின் முப்பது காதைகளில் பொற்கொல்லன் நேரடியாக இடம்பெறுவது கொலைக்களக் காதையில் மட்டுமே. கோவலன் ஒற்றைச் சிலம்புடன் மதுரைக் கடைவீதிக்கு வரும்போது எதிரே அவன் வருகிறான். சட்டை அணிந்து, கையில் கோல் ஏந்தி வரும் அவன் பின்னே நுண்ணிய வேலை தெரிந்த கொல்லர் நூறுபேர் வருகின்றனர். அரசனிடம் தொழில் வரிசை பெற்றவன் என்று கோவலன் அவனை ஊகித்துக்கொள்கிறான். அரசிக்கு ஏற்ற சிலம்பு ஒன்றுக்கு விலை மதிப்பிட முடியுமா என்று கேட்கிறான்.

அரண்மனைச் சிலம்பை முன்பே களவாடியிருந்த பொற்கொல்லன் அந்தப் பழியைப் புதியவன்மேல் போட முடிவு செய்கிறான். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டியன், விசாரிக்காமல் காவலரை அனுப்புகிறான். கோவலனைப் பார்த்த காவலர் இவன் கள்வன் போலத் தோன்றவில்லை என்று தயங்குகின்றனர். அப்போது பொற்கொல்லன் மந்திரம், மருந்து, நிமித்தம், காலம், கருவி என்று களவு நூல் கூறும் எட்டு வழிகளையும் விரித்துச் சொல்லி அவர்கள் மனத்தை மாற்றுகிறான். ஆனாலும் வாளை வீசுபவன் அவன் அல்லன். காவலருள் ஒருவனான கல்லாத களிமகன்.

இந்தக் காட்சியில் குற்றம் மூவரிடம் பகிர்ந்து கிடக்கிறது. பொய் சொன்னவன் பொற்கொல்லன். ஆராயாமல் ஆணையிட்டவன் அரசன். சிந்திக்காமல் வெட்டியவன் காவலன். இவர்களில் யார் குற்றம் பெரிது என்பதில் இளங்கோவடிகளுக்கு ஐயமே இல்லை. நூலின் பதிகம் சொல்லும் மூன்று உண்மைகளில் முதலாவது அரசியலில் தவறியவர்க்கு அறமே கூற்றாகும் என்பது. வழக்குரை காதையில் பாண்டியனும், பொற்கொல்லன் பேச்சைக் கேட்ட நானே கள்வன் என்று ஒப்புக்கொண்டு உயிர் விடுகிறான்.

ஆயினும் நம் நினைவில் நடந்தது வேறு. தவற்றை ஒப்புக்கொண்டு உயிர்விட்ட பாண்டியனை நீதி வழுவாத மன்னன் என்று போற்றுகிறோம். களிமகனை மறந்துவிட்டோம். பழி முழுவதும் பொற்கொல்லன் தலையில் இறங்கியது. அவனிடமிருந்து அது அவன் தொழிலின்மேலும் பரவியது.

சிலம்பைச் செய்தவர் யார்?

இளங்கோவடிகளுக்குக் கைவினைஞர்மீது வெறுப்பு இருந்தது என்று சொல்ல நூலில் இடமில்லை. மாறாக, கைவினையை நெருங்கிப் பார்த்த கவிஞர் அவர். ஊர்காண் காதையில் கோவலன் மதுரையைச் சுற்றிப் பார்க்கும்போது இரத்தினக் கடைத்தெரு வருகிறது. ஒன்பது மணிகளின் இயல்புகளும், எந்தெந்தக் குற்றம் இல்லாத மணி நல்ல மணி என்பதும் அங்கே விரிகின்றன. பொற்கடைத் தெருவில் சாதரூபம், கிளிச்சிறை, ஆடகம், சாம்பூநதம் என்று பொன்னின் நான்கு வகைகள் வருகின்றன. இவ்வளவு நுட்பமான செய்திகளைத் தொழில் தெரிந்தவர்களிடம் கேட்டறியாமல் எழுதியிருக்க முடியாது.

காப்பியத்தின் திருப்பமே கைவினையின்மேல் நிற்கிறது. கண்ணகியின் சிலம்பும் கோப்பெருந்தேவியின் சிலம்பும் வெளித்தோற்றத்தில் வேறுபாடு காண முடியாதவை. உள்ளே இருக்கும் பரல்தான் வேறு. ஒன்றில் மாணிக்கம், மற்றதில் முத்து. சிலம்பை உடைத்தால்தான் உண்மை வெளிப்படும். ஒன்று புகாரிலிருந்து வந்தது, இன்னொன்று மதுரை அரண்மனையைச் சேர்ந்தது. இரண்டும் ஒன்றுபோல் அமைந்தன என்றால் இரு நகரத்துக் கொல்லர்களின் கைத்திறனும் அத்தகையது.

ஆனால் கண்ணகியின் சிலம்பைச் செய்தவர் யார்? காப்பியம் அதைச் சொல்லவில்லை. சிலம்பின் பெயரால் அமைந்த நூலில் அதை அணிந்தவள் யார், விற்க வந்தவன் யார், திருடியவன் யார், உடைத்தவள் யார் என்பதெல்லாம் தெரிகிறது. செய்தவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. நல்ல பொற்கொல்லரும் இக்கதைக்குள் இருக்கிறார். அவர் செய்த பொருள் மட்டும் மேடைக்கு வருகிறது, அவர் வரவில்லை. இது இளங்கோவின் தனிக்குறை அன்று. பொருளைப் பேணிச் செய்தவரை மறப்பது பெரும்பாலான பழைய இலக்கியங்களின் வழக்கம்.

ஆயிரம் பொற்கொல்லர்

வகுப்பறையில் நாம் பெரும்பாலும் தாண்டிச் செல்லும் ஒரு செய்தி சிலப்பதிகாரத்தில் உண்டு. மதுரை எரிந்தபின் பாண்டிய நாட்டில் மழை பொய்த்து, வறுமையும் நோயும் பரவின. கொற்கையிலிருந்த வெற்றிவேற் செழியன் கண்ணகிக்குச் சாந்தி செய்ய ஆயிரம் பொற்கொல்லரைப் பலியிட்டான். பின் மழை பெய்தது, நாடு செழித்தது. நூலின் தொடக்கத்திலுள்ள உரைபெறு கட்டுரை இதைச் சொல்கிறது. அப்பகுதியைப் பிற்சேர்க்கை என்று கருதுவோர் உண்டு. ஆனால் இதே செய்தி வஞ்சிக் காண்டத்தின் நீர்ப்படைக் காதையிலும் வருவதால், பிற்சேர்க்கை என்று சொல்லி இதை ஒதுக்கிவிட முடியாது.

இதை வரலாற்று நிகழ்ச்சியாகக் கொள்ள வேண்டியதில்லை. காப்பியம் இதை எந்தக் குரலில் சொல்கிறது என்பதே நம் கேள்வி. ஒருவன் செய்த களவுக்காக ஆயிரம் பேர் கொல்லப்பட்டதை நூல் ஒரு வழிபாட்டுச் செய்தியாகச் சொல்லி நகர்கிறது. அந்த ஆயிரவர் என்ன குற்றம் செய்தனர் என்று எந்தப் பாத்திரமும் கேட்கவில்லை.

கண்ணகியின் செயலோடு இதை ஒப்பிட்டால் முரண் தெளிவாகும். வஞ்சின மாலையில் அவள் தீக்கடவுளுக்கு இடும் கட்டளை வரையறை உடையது. அந்தணர், அறவோர், பசு, பத்தினிப் பெண்டிர், முதியோர், குழந்தைகள் ஆகியோரை விட்டுத் தீயவர் பக்கமே சேர்க என்பது அவள் சொல். கணவனைப் பறிகொடுத்து, அளவற்ற சினத்தில் நின்றபோதும் குற்றவாளியையும் குற்றமற்றவரையும் அவள் பிரித்துப் பார்த்தாள். அவள் பெயரால் பலி கொடுத்த அரசனோ அதைச் செய்யவில்லை. ஓர் அரசன் ஆராயாமல் ஓர் உயிரைக் கொன்றது பெருங்குற்றம் என்று நிறுவிய நூல், இன்னோர் அரசன் ஆராயாமல் ஆயிரம் உயிரைக் கொன்றதைச் சாந்தி என்கிறது. சிலப்பதிகாரத்தின்மீது எவ்வளவு பற்று இருந்தாலும் இதைக் குறை என்றே சொல்ல வேண்டும். உயர்ந்த நூலின் குறையைச் சொல்வது அதற்கு இழுக்காகாது.

கல்லும் மண்ணும் காட்டும் பொற்கொல்லர்

இனி நூலை மூடிவைத்துவிட்டு மதுரையின் சுற்றுப்புறத்துக்கு வருவோம். நகருக்கு வடக்கே, கிடாரிப்பட்டியை ஒட்டிய அழகர்மலைச் சரிவில் ஒரு பெரிய இயற்கைக் குகை இருக்கிறது. அங்கே சமணத் துறவியர்க்காக வெட்டப்பட்ட கற்படுக்கைகளும் தமிழி எழுத்துகளில் அமைந்த கல்வெட்டுகளும் உள்ளன. இவற்றை ஐராவதம் மகாதேவன் கி.மு. முதல் நூற்றாண்டை ஒட்டியவையாகக் கணித்தார். கொடையளித்தவர்களின் பெயரும் தொழிலும் இவற்றில் உள்ளன. உப்பு வணிகன், கொழு வணிகன், அறுவை வணிகன் என்று ஒரு கடைத்தெருவே அங்கே தென்படுகிறது. அவர்களோடு ஆதன் என்ற பெயர் கொண்ட மதுரைப் பொற்கொல்லன் ஒருவனும் இருக்கிறான்.

மாணவர்கள் இதைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். காப்பியத்துப் பொற்கொல்லனுக்குப் பெயர் இல்லை. கல்வெட்டுப் பொற்கொல்லனுக்குப் பெயர் உண்டு. காப்பியத்தவன் பிறர் பொருளை எடுத்தான். கல்வெட்டினன் தன் பொருளைக் கொடுத்தான். முன்னவன் கற்பனைப் பாத்திரம். பின்னவன் இந்த மண்ணில் நடமாடிய மனிதன். சிலப்பதிகாரக் காலத்தைப் பிற்காலத்தது என்று கொள்ளும் அறிஞர் கணிப்புப்படி பார்த்தால் கல்வெட்டே மூத்த சான்று. அப்படியிருந்தும் நம் பிள்ளைகளுக்குத் தெரிந்தவன் முன்னவன் மட்டுமே.

அந்தக் கொடை ஒரு தொழிலாளியின் சமூக நிலையையும் சொல்கிறது. அவனிடம் கொடுப்பதற்குப் பொருள் இருந்தது. தொழிலைச் சொல்லிப் பெயர் பொறிப்பதில் அவனுக்குத் தயக்கம் இருக்கவில்லை. வணிகர் வரிசையில் அவனும் சமமாக இடம்பெற்றான். மதுரைக்குத் தென்கிழக்கே கீழடியில் கிடைத்த பானை ஓடுகளிலும் ஆதன் போன்ற ஆட்பெயர்கள் கீறப்பட்டுள்ளன. பொன் அணிகலன்களின் பகுதிகளும் அங்கே கிடைத்துள்ளன. எழுத்தும் பொன்வேலையும் இப்பகுதியில் அருகருகே வாழ்ந்தன.

சங்கப் புலவர் பெயர்களும் இதற்குத் துணை நிற்கின்றன. மதுரைப் பொன்செய் கொல்லன் வெண்ணாகனார் என்ற புலவர் தொகைநூல்களில் இடம்பெற்றிருக்கிறார். பொன் உருக்கிய கை பாட்டும் எழுதியது. மாங்குடி மருதனாரின் மதுரைக்காஞ்சியிலும் சங்கு அறுத்து வளை செய்வோர், மணிகளுக்குத் துளையிடுவோர், பொன்னணி செய்வோர், பொன்னை உரைத்துப் பார்ப்போர், செம்பு நிறுப்போர் என்று மதுரைக் கடைத்தெருவின் தொழிலாளர் வரிசை வருகிறது. அங்கே யாரும் கள்வர் இல்லை. எல்லாரும் வேலையில் இருக்கிறார்கள்.

சாத்தனாரின் பார்வை

சிலப்பதிகாரத்தோடு இரட்டைக் காப்பியமாக வைத்துப் பேசப்படும் மணிமேகலையை இயற்றியவர் மதுரைக் கூலவாணிகன் சாத்தனார். தானிய வணிகம் செய்தவர் என்பதைப் பெயரே சொல்கிறது. கடைத்தெருவின் மனிதரான அவர் கைவினைஞரை எப்படிப் பார்த்தார்? சிறைக்கோட்டம் அறக்கோட்டமாக்கிய காதையில் சோழனின் ஒரு மண்டபம் வருகிறது. மகத நாட்டு வினைஞர், மராட்டக் கம்மர், அவந்திக் கொல்லர், யவனத் தச்சர் ஆகியோர் தமிழ் வினைஞரோடு கூடி அதைச் செய்தனர் என்று சாத்தனார் சொல்கிறார்.

கட்டடத்தைச் சொல்லும்போது கட்டியவர்களையும் சொல்ல வேண்டும் என்ற உணர்வு இங்கே இருக்கிறது. வந்தவரும் இருந்தவரும் சேர்ந்து செய்த வேலை என்ற மதிப்பும் இருக்கிறது. தனிப்பெயர்கள் இங்கும் இல்லைதான். ஆனாலும் கைவினைஞரை ஐயத்தோடு பார்க்கும் பார்வை ஒன்றே தமிழ் மரபு என்று எண்ணிவிடக் கூடாது என்பதற்கு இது சான்று. மாணவர்க்கு இரண்டையும் சேர்த்துக் கற்பிப்பதே முறை.

சுவீடனின் கொல்லன்

திறமையுள்ள கொல்லனைக் கண்டு அரசு அஞ்சும் கதை தமிழுக்கு மட்டும் உரியதன்று. வட ஐரோப்பாவின் பழைய நார்சுக் கதைமரபில் வோலுண்ட் என்ற கொல்லன் வருகிறான். சுவீடன் நாட்டு அரசன் ஒருவன் அவனைச் சிறைபிடித்து, தப்பி ஓடாமல் இருக்கக் கால் நரம்பை வெட்டி, தனக்காகவே நகை செய்ய வைக்கிறான். கொல்லன் அரசனின் மக்களைக் கொன்று கொடிய முறையில் பழிவாங்கிப் பறந்து தப்புகிறான். சுவீடனின் கோட்லாந்து தீவிலுள்ள ஆர்ட்ரே தேவாலயத்தில் கிடைத்த பழைய ஓவியக் கல் ஒன்றில் இக்கதையின் காட்சிகள் உள்ளன. அவன் பட்டறையும் கருவிகளும் அதில் செதுக்கப்பட்டிருக்கின்றன.

அந்தக் கொல்லனும் நல்லவன் அல்லன். நம் பொற்கொல்லனைவிடக் கொடியவன் என்றே சொல்லலாம். ஆனால் அக்கதை அவனுக்குப் பெயர் கொடுக்கிறது. அவன் ஏன் அப்படி ஆனான் என்று சொல்கிறது. அரசன் அவனுக்கு இழைத்த தீங்கையும் மறைக்கவில்லை. அதனால் கேட்பவர் அவனை ஒரு மனிதனாக எடைபோடுகிறார். அவன் தொழில் முழுவதன்மேலும் பழி போடுவதில்லை. நம் காப்பியத்தில் பொற்கொல்லன் ஏன் திருடினான் என்ற கேள்விக்குப் பதிலே இல்லை. காரணம் சொல்லப்படாத தீமையை மக்கள் குணம் என்று எடுத்துக்கொள்வார்கள். குணம் பிறகு குலத்தின்மேல் ஏற்றப்படும்.

ஐயத்தின் வேர்

பொற்கொல்லர்மீது ஐயம் கொள்வதற்குத் தொழிலிலேயே ஒரு காரணம் உண்டு. பொன்னை உருக்கும்போதும், அரம் கொண்டு அராவும்போதும், மெருகிடும்போதும் சிறிது தூளாகப் போகும். இதுவே சேதாரம். பட்டறையைக் கூட்டிய மண்ணை அரித்துப் பொன் எடுத்துப் பிழைப்பவர்களும் உண்டு என்பதிலிருந்து இந்த இழப்பு உண்மையானது என்று அறியலாம். பற்றவைக்கும் பொடியில் செம்பு போன்ற பிற உலோகம் கலப்பதால் நகையின் மாற்றும் சற்றுக் குறையும். வாங்குபவர் கண்ணுக்கு இவை எதுவும் தெரிவதில்லை. கொடுத்த எடையும் வந்த எடையும் மட்டுமே தெரியும். கண்ணால் காண முடியாத இழப்பைக் களவு என்று எண்ணுவது எளிது. தாயின் பொன்னிலும் தட்டான் கொஞ்சம் எடுப்பான் என்ற பொருளில் வழங்கும் பழமொழி இப்படிப் பிறந்ததே.

இந்த ஐயத்துக்கு வரலாற்றில் விலையும் கொடுக்கப்பட்டிருக்கிறது. 1962 சீனப் போருக்குப் பின் அந்நியச் செலாவணி நெருக்கடியும் தங்கக் கடத்தலும் அரசை வாட்டின. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாட்டு விதிகள் வந்தன. 14 காரட்டுக்கு மேற்பட்ட தூய்மையில் புதிய நகை செய்யத் தடை விதிக்கப்பட்டது. நம் மக்கள் விரும்பியது 22 காரட் நகை. எனவே நாடு முழுவதும் பொற்கொல்லர் பட்டறைகள் வேலையின்றி நின்றன. வறுமையால் தற்கொலைகளும் நிகழ்ந்தன. பின்னர் விதிகள் தளர்த்தப்பட்டன. 1968இல் தங்கக் கட்டுப்பாட்டுச் சட்டமாக அவை வடிவெடுத்தன. 1990இல் அச்சட்டம் நீக்கப்பட்டது. கடத்தியவர் சிலர்; பட்டினி கிடந்தவர் பட்டறைத் தொழிலாளர். ஆயிரவர் பலியைப் படித்தவர்களுக்கு இது புதிய கதை அன்று.

விதிகள் வந்த மறு ஆண்டான 1964இல் 'பூம்புகார்' திரைப்படம் வெளிவந்து சிலப்பதிகாரக் கதையை ஊர்தோறும் கொண்டு சென்றது. படத்தைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. பொய்யான பொற்கொல்லனைத் திரையில் கண்டு தமிழகம் கொதித்த அதே காலத்தில், உண்மையான பொற்கொல்லர் பலர் அடுப்பு மூட்ட வழியின்றி இருந்தனர். முன்னது நமக்கு நினைவிருக்கிறது. பின்னது பாடப்புத்தகத்தில் எளிதில் காணக் கிடைப்பதில்லை.

கற்பிக்கும் முறை

இன்று மதுரையின் தெற்கு ஆவணி மூல வீதியில் நகைக்கடைகள் வரிசையாக நிற்கின்றன. 2021 முதல் ஹால்மார்க் முத்திரை படிப்படியாகக் கட்டாயமாக்கப்பட்டது. அது வாங்குபவருக்கு நல்ல பாதுகாப்பு. முத்திரையில் தர நிறுவனத்தின் அடையாளமும் தூய்மை அளவும் தனி அடையாள எண்ணும் இருக்கும். செய்தவர் பெயர் இருக்காது. கண்ணகி காலத்துச் சிலம்பைப் போலவே இன்றைய சிலம்பிலும் கைவினைஞர் பெயரற்றவரே.

சிலப்பதிகாரத்தைப் பாடத்திலிருந்து நீக்க வேண்டும் என்றோ, பொற்கொல்லன் பாத்திரத்தை மாற்ற வேண்டும் என்றோ நான் சொல்லவில்லை. அது நம் மொழியின் தலைசிறந்த நூல்களுள் ஒன்று. ஆனால் கற்பிக்கும்போது மூன்று செய்திகளைச் சேர்த்துச் சொல்லலாம். முதலாவது, காப்பியமே பெருங்குற்றவாளியாக நிறுத்துவது ஆராயாத அரசனை. இரண்டாவது, ஆயிரம் பொற்கொல்லர் பலி நூலின் அறத்தோடு பொருந்தாத பகுதி. அதை மறைக்காமல் விவாதிக்க வேண்டும். மூன்றாவது, மதுரைப் பொற்கொல்லர்களில் பெயரோடு நமக்குக் கிடைத்திருப்பவர்களுள் ஒருவர் அழகர்மலைக் கொடையாளி, இன்னொருவர் சங்கப் புலவர். வாய்ப்புள்ள பள்ளிகள் மாணவர்களை ஒருநாள் கிடாரிப்பட்டிக் குகைக்கு அழைத்துச் செல்லலாம். ஆதன் என்ற பெயர் பொறித்த பாறையைப் பார்த்துவிட்டு வரும் பிள்ளை பிறகு யாரையும் "கோவலனைக் கொன்னவன்" என்று கூப்பிட மாட்டான்.

அன்று என்னிடம் வந்த மாணவனுக்கு இவற்றையெல்லாம் சொல்லும் அளவுக்கு நான் படித்திருக்கவில்லை. இப்போது எழுதி வைக்கிறேன். இனி இந்தப் பாடத்தை நடத்தப்போகும் ஆசிரியர் ஒருவருக்காவது இது பயன்பட்டால் போதும்.